சினிமா வண்டியில் தீக்காவல்

கோழிகளை வெளியேற்றுவதற்கே காலைப்பொழுது பாதி போய்விட்டது. பல வருடங்களாக அந்த வண்டிதான் அவற்றுக்கு வீடு. ஒன்றைப் பிடித்து வேலிக்கு அந்தப் பக்கம் விட்டால் இன்னொன்று சக்கரங்களுக்கு இடையே புகுந்து மறுபடி உள்ளே ஏறிக்கொண்டது. தோக்தோசுன் தலையிலிருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதை வீசியே விரட்டிக்கொண்டிருந்தார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற சைராகுல் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சிரி, நல்லா சிரி. உங்க அக்காகூட இத்தனை வருஷத்துல என்னை இப்படி ஓட விட்டதில்ல," என்றார் அவர்.

"ஓட விட்டிருந்தா இந்தத் தொப்பை வந்திருக்காது அத்தான்."

கொச்கோர் என்ற அந்த மலையூரில் தெருவே அறிந்த வாய்ச்சண்டை இது. தோக்தோசுன் அவளுடைய அக்கா பாத்மாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கொழுந்தியாளும் அத்தானும் பார்த்த இடத்திலெல்லாம் இப்படித்தான். நடுவில் பல வருடங்கள் சைராகுல் ருஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் சண்டை டெலிபோனில் நடந்தது. பாத்மா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. பட்டறையில் விடுப்புக் கேட்டு, டிக்கெட் தேடி, கிளம்புவதற்குள் அங்கே மண் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் டெலிபோனிலும் இருவரும் நல்ல பிள்ளைகளாக, மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அதுதான் இரண்டு பேருக்கும் தாங்க முடியாததாக இருந்தது. போன இலையுதிர்காலத்தில் அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்து, வாசலில் பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக, "என்ன அத்தான், தலையில இருந்தது எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதிலுக்கு ஏதோ திட்டினார். அதோடு எல்லாம் பழையபடி ஆனது.

வண்டி அவளுடைய அப்பாவுடையது. சாத்திபால்தி என்றால் அந்த மலைப்பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கோடையில் மந்தைகளோடு மலை மேய்ச்சலுக்குப் போனவர்களுக்குப் பின்னாலேயே இவரும் படப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார். குளிர்காலத்தில் பனி மூடிய கிராமங்கள். வண்டியின் முதுகில் இருந்த இரும்பு அறைக்குள் படம் காட்டும் கருவி, ஒரு சிறிய அடுப்பு, அவர் படுக்க ஒரு பலகை. அரசாங்கம் மாறி, சினிமா இலாகாவும் இல்லாமல் போனபோது வண்டி கேட்பாரற்று நின்றது. மாப்பிள்ளை தோக்தோசுன் இழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். பிறகு கோழிகள் வந்தன.

இப்போது சைராகுலுக்கு அது வேண்டும். ஜூன் முடிவதற்குள் தோக்தோசுனின் மகனும் மருமகளும் சோன்-கோல் ஏரிக்கரைக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். கூடவே இவரும் போவார். டிராக்டரில் கட்டி இந்த வண்டியையும் மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டால் கோடை முழுக்க அதிலேயே இருந்துகொள்ளலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். இன்னொரு குடும்பத்தின் கூடாரத்தில் மூலையில் ஒண்டிக்கிடக்க அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் வண்டியின் தரைத் தகடு கோழி எச்சத்தில் அரித்து, கால் வைத்தால் உள்ளே போகும் அளவுக்கு இற்றுப்போயிருந்தது.

அதற்குத்தான் அந்த மிஷின். ருஷ்யாவில் அவள் வேலை பார்த்தது இரும்புக் கட்டில் செய்யும் பட்டறையில். திரும்பும்போது எல்லோரும் துணியும் பாத்திரமுமாகக் கொண்டுவர, அவள் ஒரு சின்ன வெல்டிங் மிஷினைக் கனத்த போர்வையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கையால் தூக்கிவிடலாம். பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். விசையை அழுத்தினால் துப்பாக்கி போன்ற முனையில் கம்பி தானாகவே வந்துகொண்டிருக்கும். கம்பிக்குள்ளேயே பற்றவைப்பு மருந்து இருப்பதால் காஸ் சிலிண்டர் வேண்டாம், வெட்டவெளியில் காற்றடித்தாலும் பயமில்லை.

தோக்தோசுனும் வெல்டர்தான். மோட்டார் டெப்போவில் இரண்டு ஆள் தள்ளினால்தான் நகரும் மிஷினில், குச்சி குச்சியாக எரித்து வேலை செய்தவர். இதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுல என்ன தைக்கப்போற, பாவாடையா?" என்று கேட்டபடியே முனையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து விசையை அழுத்தினார். கம்பி சரசரவென்று வெளியே வந்து அவருடைய உள்ளங்கையில் குத்தியது. சைராகுல் கையுறையை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

வேலை தொடங்குவதற்குள் அவள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதலில் பெட்ரோல் டாங்க். அது காய்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, உள்ளே சொட்டுக்கூட இல்லை என்றார். காலி டாங்க்தான் நிறைந்த டாங்கைவிட மோசம், உள்ளே ஆவி நிற்கும் என்று சொல்லி அவரையே கழற்ற வைத்து முற்றத்தின் கடைசிக்குக் கொண்டுபோகச் செய்தாள். கூரை போட்டு மிச்சமான பளபளப்பான தகட்டை அவர் ஒட்டுப் போடக் கொண்டுவந்தபோது அதையும் வேண்டாம் என்றாள். அதன் மேல்பூச்சு எரிந்தால் வரும் புகையை இழுத்து ஒரு ராத்திரி முழுக்கக் குளிர் காய்ச்சலில் நடுங்கியவள் அவள். பழைய கேட் ஒன்றிலிருந்து வெறும் இரும்புத் தகடாக வெட்டிக்கொண்டார்கள். நீட்டிப்பு வயரைச் சுருளாக விடக் கூடாது, சூடேறும் என்று முழுக்கப் பிரித்துப் போடச் சொன்னாள். கடைசியில் அவர் போட்டிருந்த பாலியெஸ்டர் சட்டையையும் கழற்றச் சொன்னாள்.

"இதோட நிறுத்திக்கோ. தெருவுல நாலு பேரு பாக்குறாங்க."

"பொறி பட்டா அது உருகித் தோலோட ஒட்டிக்கும். உள்ள போயி பழைய பருத்திக் கோட்டைப் போட்டுட்டு வாங்க அத்தான். யாரும் உங்க அழகைப் பாக்கல."

அவர் முனகிக்கொண்டே போனார். அவள் வண்டிக்குள் வைக்கோலையும் இறகையும் பெருக்கி எடுத்தாள். சுவரோரம் முழுக்க நனைத்த சாக்குகளைப் பரப்பினாள். வாசலில் இரண்டு வாளி தண்ணீர் வைத்தாள். உள்சுவர் பிளைவுட் பலகை. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்த அவரிடம் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"என்ன இருக்கும், காத்துதான்," என்றார் அவர்.

அவளும் நம்பினாள். தெரிந்து சொல்கிறார் என்றே நினைத்தாள்.

வெல்டிங் நன்றாகவே வந்தது. இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்து, எர்த் கவ்வியைத் தகட்டுக்குப் பக்கத்திலேயே சுரண்டிச் சுத்தம் செய்த இடத்தில் மாட்டி, முகமூடியை இறக்கினாள். கொதிக்கும் எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிகிற மாதிரி சீரான சத்தம். அந்தச் சத்தம் மாறினால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொரு முகமூடியைப் போட்டுக்கொண்டு தகட்டை அழுத்திப் பிடித்திருந்த தோக்தோசுன் கொஞ்சம் கொஞ்சமாகக் கேலியை விட்டார். அவள் கை நகரும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது பக்கம் முழுவதும் முடிந்து அவள் முகமூடியைத் தூக்கியபோது, கசடைத் தட்டிவிட்டு விரலால் தடவி, "ம்," என்றார். டெப்போவில் அவர் யாருக்கும் அதற்கு மேல் சொன்னதில்லை.

"சரி, டீ குடிக்கலாம் வா. மீதியை அப்புறம் பாப்போம்."

"நீங்க போங்க. நான் ஒரு மணி நேரம் இங்கயே இருந்து பாத்துட்டு வரேன்."

"எதைப் பாக்குறதுக்கு? எல்லாம் முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சதுக்கு அப்புறம்தான் பாக்கணும்."

அவர் இப்போதும் கேலி செய்யப்போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் முனிராவைப் பற்றிச் சொன்னாள். கட்டில் பட்டறையில் பக்கத்து மேஜையில் வேலை செய்த தாஜிக் பெண். நன்றாகப் பாடுவாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் மிஷினை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். தலைவலி என்று முனிரா மட்டும் மெத்தைகள் அடுக்கிய பக்கத்தறையில் படுத்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு பொறி மெத்தைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அவர்கள் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் புகை ஜன்னல் வழியாக வந்தது. முனிராவை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், உயிர் தப்பிவிட்டது. ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் மறுபடி ஒரு ஊசியைக்கூடப் பிடிக்கும் கைகளாக ஆகவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்தால் உட்கார்ந்து பார்க்காமல் சைராகுல் எங்கேயும் எழுந்து போனதில்லை.

தோக்தோசுன் வீட்டுக்குள் போனார். திரும்பும்போது டீக்கெண்டி, கிண்ணங்கள், ரொட்டி, பாலாடை எல்லாவற்றையும் தட்டில் வைத்துக்கொண்டு வந்து வண்டியின் படியில் உட்கார்ந்தார்.

நல்ல வெயில். மலையுச்சிகளில் மட்டும் பனி மிச்சமிருந்தது. விரட்டப்பட்ட கோழிகள் வேலிக்கு அப்பால் நின்று முறைத்தன. சும்மா உட்கார்ந்திருப்பது இருவருக்குமே பழக்கமில்லாதது. சும்மா இருந்தால் பேச்சு எங்கே போகும்? பாத்மாவிடம்தான் போனது.

"நான் உங்கப்பா காட்டின படம் எதையும் முன்னாலேர்ந்து பாத்தது கெடையாது, தெரியுமா?" என்றார்.

ஏரிக்கரையில் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் முன்னால் புல்லில் உட்காருவார்கள். குதிரையில் வந்த இளவட்டங்கள் இறங்காமல் துணிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். அங்கிருந்தும் படம் தெரியும், இடம் வலம் மாறித் தெரியும். தோக்தோசுனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். துணியின் ஓரமாகக் குதிரையை நிறுத்தினால் எதிரே வண்டியின் கதவு தெரியும். கருவிக்குப் பக்கத்தில், அந்த வெளிச்சத்தின் விளிம்பில், ஓடி முடிந்த படச்சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு பாத்மா நிற்பாள். அவர் பார்த்த சினிமா அது. துணியில் எப்போதாவதுதான் கண் போகும்.

"கல்யாணம் ஆகி ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குத் தெரிஞ்சுது, சினிமாவுல எல்லாரும் இடதுகைக்காரங்க இல்லன்னு. உங்கக்கா அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பா."

சைராகுலும் சிரித்தாள். அவளுக்கு நினைவில் இருந்தது விட்டில் பூச்சிகள். வெளிச்சத்தில் பறந்து வந்து துணியில் ஒட்டி, நடிகர்கள் முகத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். சுருள் மாற்றும்போது இருட்டாகிவிடும், ஏரியின் அலைச்சத்தம் கேட்கும், குதிரைகள் மூக்கால் செருமும். அப்பா அவசரப்பட மாட்டார். டெப்போவில் வேலை கிடைத்த புதிதில் தோக்தோசுன் முகமூடி போடாமல் வெல்டிங் செய்துவிட்டு, கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எரிகிறது என்று படுத்துக்கிடந்ததையும் அவள் நினைவுபடுத்தினாள். பாத்மா உருளைக்கிழங்கைச் சீவிச் சீவிக் கண்ணில் வைத்துக்கொண்டே அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள்.

"கெழங்குனால ஒண்ணும் கொறையல," என்றார் அவர். "திட்டுனதுலதான் கொறைஞ்சுது."

கிண்ணத்தைக் கீழே வைத்தபோதுதான் சைராகுலுக்கு அந்த வாசனை வந்தது. மயிர் கருகும் வாசனை.

"யாரோ ஆட்டுத்தலை வாட்டுறாங்க," என்றார் தோக்தோசுன். "பக்கத்து வீட்டுல விருந்தாளி வந்திருப்பாங்க."

அவள் எழுந்து பார்த்தாள். பக்கத்து வீட்டில் புகை எதுவும் இல்லை. வண்டிக்குள் ஏறி நின்றாள். தரை சுத்தமாக இருந்தது, சாக்குகள் ஈரமாக இருந்தன. பிறகு பார்த்தாள், இடது சுவரில் இரண்டு பலகைகள் சேரும் இடுக்கிலிருந்து நூல் போல ஒரு புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பலகையில் உள்ளங்கையை வைத்தாள். சூடு.

"அத்தான், சுவருக்குள்ள எரியுது."

அவர் அந்த வயதில் அப்படி எழுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. மிஷின் இங்கதான் இருக்கு, தண்ணி ஊத்தினா நம்ம ரெண்டு பேரும் போயிடுவோம்."

அவர் வாளியை வைத்துவிட்டு வீட்டுச் சுவர் வரை ஓடி வயரைப் பிடுங்கினார். அவள் மிஷினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கடப்பாரையைப் பலகை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். பழைய ஆணிகள் கிறீச்சிட்டுக் கழன்றன. உள்ளே காற்று இல்லை. தடித்த கம்பளி இருந்தது. அதன் கீழ்விளிம்பு தரைத் தகட்டைத் தொட்ட இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருகி, ஓரம் மட்டும் சிவந்து, சத்தமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வாளியையும் ஊற்றினார்கள். கருகிய இடத்தைக் கையுறையோடு கிள்ளிக் கிள்ளி எடுத்து நனைத்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்திருந்தால் பலகை பற்றியிருக்கும், வண்டிக்கு அடுத்து வைக்கோற்போர், அதற்கடுத்து வீடு.

எங்காவது பொறி ஒளிந்திருக்கலாம் என்று மீதிப் பலகைகளையும் கழற்றினாள். கம்பளியை மொத்தமாக வெளியே இழுத்துப் புல்லில் போட்டார்கள். பலகையைப் பார்த்திருந்த பக்கம் சாம்பல் நிறம். இரும்பைப் பார்த்திருந்த பக்கம் மேலே வரும்படி அது விழுந்தது.

சிவப்பும் நீலமுமாக ஆட்டுக்கொம்பு வளைவுகள், விளிம்பில் மஞ்சள் கயிறு வைத்துத் தைத்த பூவேலை. வெளிச்சமே படாமல் இருந்ததால் நிறம் கொஞ்சமும் போகவில்லை. அடைப்புக் கம்பளி இல்லை அது. ஒரு பெண் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து வெட்டிச் சேர்த்துத் தைக்கும் கல்யாணக் கம்பளம்.

தோக்தோசுன் அதன் அருகே முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு மூலையைத் திருப்பி, வீட்டில் பல வருடம் பார்த்த அந்தத் தையலைப் பார்த்தார். "இது பாத்மாவோடது," என்றார்.

சைராகுலுக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கம்பளம் ஒரு குடும்பக் கதை. தாய் இல்லாத பாத்மா தன் கல்யாணத்துக்காகத் தானே செய்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சாமான் போன லாரியிலிருந்து வழியில் ஆற்றில் விழுந்துவிட்டது என்று பாத்மாவே வந்து சொன்னாள். மாமியார் அதை நம்பவில்லை. செய்யவே இல்லை, செய்யத் தெரியாது என்றார். வெறுந்தரையில் உட்கார வந்த மருமகள் என்று சாகும்வரை சொல்லிக்காட்டினார். விருந்தாளிகள் முன்னாலும் சொன்னார். பாத்மா ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

"நானும் கேலி பண்ணியிருக்கேன்," என்றார் தோக்தோசுன் மெதுவாக. "ஆத்துல மீனெல்லாம் உன் கம்பளத்துலதான் படுத்துருக்குன்னு. அவளும் சேந்து சிரிப்பா."

சைராகுல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முந்தின இலையுதிர்காலம் அவளுக்கு நினைவு வந்தது. அப்பா படப்பெட்டி மாற்ற நாரின் நகரத்துக்கு பஸ்ஸில் போயிருந்தார். பாத்மா வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்த தங்கையை ரொட்டி வாங்கி வா என்று விரட்டிவிட்டாள். அதற்கு முந்தின வருடம் அப்பா மார்ச்சளியில் கிடந்து பிழைத்திருந்தார். இரும்புப் பெட்டிக்குள் பனியில் படுத்து வந்தது அது. ஆனால் பெண்ணின் சீதனத்தை அவர் தொட மாட்டார், தெரிந்தால் அடுத்த நிமிடமே கழற்றிக் கொடுத்திருப்பார். கல்யாணம் முடிந்து பாத்மா புருஷன் வீட்டுக்குப் போனாள், அப்பா அந்தக் குளிர்காலம் ஊர் ஊராகப் போய் வந்தார். வண்டி இந்த வருடம் ஏனோ கதகதப்பாக இருக்கிறது, அடுப்பு நன்றாக எரிகிறது போல என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார் தோக்தோசுன்.

"உங்ககிட்ட சொன்னா நீங்க உங்கம்மாகிட்ட சொல்லியிருப்பீங்க. அது அப்பா காதுக்குப் போயிருக்கும்."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அவர் அழுதார். அவள் அவரைப் பார்க்காமல் கருகிய விளிம்பைத் தொட்டுத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஆற்றில் போட்டு அலசினார்கள். நனைந்த கம்பளத்தைத் தூக்க மகனும் மருமகளும் வர வேண்டியிருந்தது. வேலியில் காயப்போட்டபோது தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தையலைத் தடவிப் பார்த்தார்கள். கருகிய மூலையைத் தான் ஒட்டுப் போட்டுத் தருவதாக சைராகுல் சொன்னாள். தோக்தோசுன் வேண்டாம் என்றார். வண்டியின் வலது பக்கத்தையும் அவள் முடித்தாள். இந்தமுறை எல்லாப் பலகைகளையும் கழற்றிப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் முகமூடியை இறக்கினாள்.

ஜூன் கடைசியில் டிராக்டர் வண்டியை மேலே இழுத்துப் போனது. கணவாயில் ஒருமுறை நின்று பார்த்தார்கள், ஒட்டுப் போட்ட தரை அசையக்கூட இல்லை. கம்பளம் தோக்தோசுனின் கூடாரத்தில், விருந்தாளிகளை உட்காரவைக்கும் இடத்தில் விரிக்கப்பட்டது. ஆனால் அவர் அங்கே யாரையும் உட்காரவிடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கதவோரம் நெருக்கியடித்துக்கொண்டு புளித்த குதிரைப்பாலான குமிஸ் குடித்தார்கள்.

ஏரிக்கரையில் முதல் விடியல். சைராகுல் இரண்டு கோட்டையும் சால்வையையும் போட்டுக்கொண்டு, பல் கிட்ட வண்டியிலிருந்து இறங்கினாள். புல்லில் உறைபனி. வண்டியின் உள்ளே இரும்புச் சுவரிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. தோக்தோசுன் கூடாரத்துக்கு வெளியே டீ போட்டுக்கொண்டிருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"குளிருச்சா?"

"இல்ல அத்தான்."

"பொய் சொல்றதுல அக்காவும் தங்கச்சியும் ஒண்ணுதான்," என்றார். "உதடு நீலமா இருக்கு."

அவர் கூடாரத்துக்குள் போனார். வெளியே வந்தபோது கம்பளம் சுருட்டப்பட்டு அவர் தோளில் இருந்தது. வேண்டாம், அது உங்களுக்கு வேண்டும் என்று அவள் தடுத்துப் பார்த்தாள். அவர் நிற்கவில்லை. வண்டிக்குள் ஏறி, கருகின விளிம்பு மேலே போகும்படி பிடித்துக்கொண்டு, ஆணியும் சுத்தியலும் எடுத்து வா என்றார். பூவேலை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"உள்பக்கம்," என்றார். "இந்தத் தடவை ஆளுங்க பாக்கட்டும்."